கிபியோன் குளத்தருகே: சுடும் விளையாட்டுகள் பற்றி ஒரு திறனாய்வு

சென்ற ஆண்டு எங்கள் சபையின் இளைஞர் ஐக்கியம் தன் விளையாட்டு விழாவை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி மைதானத்தில் நடத்தியது. நண்பகல் உணவுக்குப் பின் ஒரு மரநிழலில் இளைஞர் நால்வர் தலைகுனிந்து அமர்ந்திருந்தனர். ஜெபிக்கின்றனரோ என்றெண்ணி அருகே சென்றேன். நால்வர் கையிலும் கைப்பேசி இருந்தது. நால்வரும் திரையில் தோன்றிய ஒரு தீவில், ஓர் அணியாய் நின்று, யாரையோ சுட்டுக்கொண்டிருந்தனர்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் இத்தகைய விளையாட்டுகள் இளைஞரைக் கொலைக்குப் பழக்குகின்றன என்று நான் பிரசங்கித்திருந்தேன். அதை நினைவூட்டிக் கடிந்துகொள்ள வாயெடுத்தபோது, அவர்களில் ஒருவன் எழுந்து நின்று, மரியாதை குன்றாமல், "ஐயா, நீங்கள் இதை ஒரு முறையாவது விளையாடிப் பார்த்ததுண்டா?" என்று கேட்டான். இல்லை என்பதே என் விடை. படியாத நூலுக்கு மதிப்புரை எழுதும் மாணவனை நான் வகுப்பில் எவ்வளவு கடிந்திருக்கிறேன் என்பது அப்பொழுது நினைவுக்கு வந்தது.

அன்று முதல் அவ்விளையாட்டை ஒரு நூலைப் போல் கற்க முயன்றேன். நம் இளைஞர் ஏன் மற்ற விளையாட்டுகளை விடச் சுடும் விளையாட்டுகளையே பெரிதும் நாடுகின்றனர் என்னும் வினாவுக்கு நான் கண்ட விடையை உடன் ஊழியர் முன்னும் இறையியல் மாணவர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வினாவின் பின்னணி

காணொளி விளையாட்டின் தொடக்க காலத்திலிருந்தே சுடும் விளையாட்டுகளும் இருந்து வந்துள்ளன. 1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் அவர்தம் நண்பர்களும் இயற்றிய 'ஸ்பேஸ்வார்' என்பதில் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டன. 1978-இல் ஜப்பானிலிருந்து வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வானிலிருந்து இறங்கும் பகைவரைச் சுடச் சொன்னது. 1993-இல் வெளியான 'டூம்', சுடுபவனின் கண்வழியாகவே உலகைக் காட்டும் முறையைப் பரப்பியது; அதன் முதற்பகுதி விலையின்றிக் கைமாறியதும் அது பரவியதற்கு ஒரு காரணம்.

இதற்கு எளிய தொழில்நுட்பக் காரணம் ஒன்றுண்டு. ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் நேர்கோடு எவ்வுருவைத் தொடுகிறது என்று கணக்கிடுவது கணிப்பொறிக்கு மிக எளிது. பட்டதா, படவில்லையா என்னும் இரண்டே விடைகள். ஆனால் ஒருவரோடொருவர் பேசிப் பிணக்குத் தீர்ப்பதையோ, மன்னிப்புக் கேட்பதையோ, நட்பு முதிர்வதையோ அவ்வாறு கணக்கிட இயலாது. ஆகவே இயந்திரம் தனக்கு எளிதாய் வருவதை மனிதனுக்குக் கொடுத்தது. மனிதனும் அதை ஏற்றுக்கொண்டான்.

நம் நாட்டில் இது பெருவழக்கானது அண்மையில்தான். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையக் கட்டணம் வெகுவாய்க் குறைந்தது. 2018-இல் 'பப்ஜி மொபைல்' வந்தது. கரீனா நிறுவனத்தின் 'ஃபிரீ ஃபயர்' விலைகுறைந்த கைப்பேசிகளிலும் ஓடியது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் காவல்துறை பப்ஜியைத் தடைசெய்து, விளையாடிய இளைஞரைக் கைதும் செய்தது. 2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது பப்ஜியும் அவற்றுள் ஒன்றாயிற்று. 2022 பிப்ரவரியில் ஃபிரீ ஃபயரும் தடைக்குள்ளானது. நடுவண் அரசின் தடைகளுக்குக் காட்டப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பேயன்றி இளைஞரின் ஆன்ம நலன் அன்று. பப்ஜிக்கு மாற்றாகக் கொரிய நிறுவனமான கிராஃப்டன் 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்பதை வெளியிட்டது. அதுவும் 2022 ஜூலையில் செயலிக்கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. நீக்கப்பட்ட அதே மாதத்தில் பத்துக்கோடிப் பேர் பதிவு செய்திருந்ததாக அந்நிறுவனமே அறிவித்திருந்தது. தடை, கைது, கடிந்துரை இவை யாவற்றையும் கடந்து இவ்விளையாட்டு நிற்கிறது.

2. நாம் சொல்லிவரும் விடையும் அதன் குறையும்

மனிதனுக்குள் கொலைவெறி உண்டு. அது இரத்தத்தைக் கண்டு களிக்கிறது. ஆகவேதான் இவ்விளையாட்டு அவனைக் கவர்கிறது. இதுவே நம் பிரசங்க பீடங்களிலிருந்து பெரும்பாலும் கேட்கும் விடை. இவ்விடைக்கு வலுவான மரபு உண்டு. தெர்த்துல்லியன் காட்சியரங்குகளைக் கண்டித்துத் தனிநூல் எழுதினார். அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' ஆறாம் நூலில் தம் நண்பர் அலிப்பியுவின் வரலாற்றைக் கூறுகிறார். நண்பர்கள் வற்புறுத்தியதால் அரங்குக்குச் சென்ற அலிப்பியு கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண் திறந்தார். அக்கணமே வாள்வீரனுடைய உடற்காயத்தினும் கொடிய காயம் அவர் ஆன்மாவில் ஏற்பட்டது.

இச்சான்றுகளை நாம் அப்படியே பெயர்த்துவைக்க இயலாது. உரோமையரின் அரங்கில் மெய்யான மனிதர் மெய்யாகவே மடிந்தனர். கைப்பேசித் திரையில் எவரும் மடிவதில்லை. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

இரத்தமே இவ்விளையாட்டின் கவர்ச்சி என்பதற்கும் சான்று போதாது. கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென வெளியிட்ட பதிப்பில் இரத்தத்தின் நிறம் பச்சையாக மாற்றப்பட்டது; கொல்லுதல் என்னும் சொல்லுக்கு மாற்றாக முடித்தல் என்னும் பொருள்தரும் சொல் இடப்பட்டது. ஆயினும் கூட்டம் குறையவில்லை. சிவப்பு இரத்தத்துக்காக வந்தவர்களாயின் பச்சை இரத்தம் கண்டு திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? 2009-இல் பிரிஸ்பில்ஸ்கி, ரையன், ரிக்பி என்னும் உளவியலார் மூவர் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டுகிறது. ஒரே சுடும் விளையாட்டை அவர்கள் இருவகையாக அமைத்தனர். ஒன்றில் எதிரிகள் இரத்தம் சிந்தி மடிந்தனர். மற்றதில் காயமின்றி மிதந்து மறைந்தனர். ஆடியவரின் மகிழ்ச்சி குறையவில்லை. தன் திறமை வளர்வதைக் காணுதல், தன் விருப்பப்படி செயலாற்றுதல், பிறரோடு இணைந்திருத்தல் ஆகிய மூன்றுமே மக்களை விளையாட்டுக்கு ஈர்க்கின்றன என்பது அவர்கள் கருத்து.

இவ்விளையாட்டுகள் மெய்யான கொலைகாரரை உருவாக்குகின்றனவா? அமெரிக்க உளவியல் கழகம் 2020-இல் வெளியிட்ட தீர்மானம் கவனத்துக்குரியது. கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைகளோடு சிறியதொரு தொடர்பு காணப்படினும், கொடிய வன்செயல்களுக்கு இவ்விளையாட்டுகளே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று அக்கழகம் கூறியது. ஆகவே முந்தின ஞாயிறு நான் செய்த பிரசங்கம் சான்றில்லாக் குற்றச்சாட்டே. பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை பிரசங்க பீடத்துக்கும் உரியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

3. இவ்விளையாட்டு எதைக் கொடுக்கிறது?

இவ்விளையாட்டை அறியாத வாசகர்க்காக அதன் அமைப்பைச் சுருக்கமாய்க் கூறுகிறேன். நூறு பேர் வரை ஒரு விமானத்திலிருந்து வான்குடையில் ஒரு தீவின்மேல் இறங்குகின்றனர். இறங்கும்போது எவர் கையிலும் ஆயுதம் இல்லை. வீடுகளில் கிடக்கும் ஆயுதங்களையும் மருந்துகளையும் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். தீவின்மேல் ஒரு வட்டம் வரையப்பட்டுள்ளது; அது நேரஞ்செல்லச் செல்லச் சுருங்கும்; வெளியே நிற்பவன் உயிரிழப்பான். கடைசியாய் நிற்பவனே, அல்லது கடைசியாய் நிற்கும் அணியே, வெற்றி பெறும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்வமைப்பை நம் இளைஞரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுருங்கும் வட்டம் அவர்களுக்குப் புதிதன்று. சில ஆயிரம் மருத்துவக் கல்லூரி இடங்களுக்கும், சில நூறு அரசுப் பணிகளுக்கும் இலட்சக்கணக்கானோர் போட்டியிடுவதை அவர்கள் பள்ளிப்பருவம் முதலே அறிவர். ஆனால் அப்போட்டியில் எல்லாரும் வெறுங்கையோடு இறங்குவதில்லை. ஒருவன் பல இலட்சம் செலுத்திப் பயிற்சி பெற்று இறங்குகிறான். மற்றொருவன் அரசுப் பள்ளியிலிருந்து தனியே இறங்குகிறான். சாதியும், செல்வமும், ஆங்கிலமும், தந்தையின் செல்வாக்கும் முன்னமே ஆயுதங்களாகிவிடுகின்றன. தீவிலோ அனைவரும் வெறுங்கையோடு இறங்குகின்றனர். காசு கொடுத்து வாங்குவன பெரும்பாலும் உடையும் அலங்காரமுமே. தோற்றவனுக்கு ஏன் தோற்றான் என்பது அக்கணமே தெரிகிறது. அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளவும் கூடும். நாம் வாழும் உலகு கொடாத நீதியை இத்தீவு கொடுப்பதுபோல் தோன்றுகிறது. நம் இளைஞரை ஈர்ப்பது இந்நீதியின் சாயல் என்பது என் துணிபு.

இன்னுமொன்று உண்டு. நால்வர் அணியாய் ஆடும்போது குண்டுபட்டவன் உடனே மடிவதில்லை, விழுந்து தவழ்கிறான். குறித்த நேரத்துக்குள் தோழன் ஒருவன் ஓடிவந்து, குண்டுமழையின் நடுவே அவனருகே மண்டியிட்டு, அவனைத் தூக்கிவிடலாம். தூக்கிவிடும்வரை அத்தோழனால் சுட இயலாது, அவனே இலக்காவான். அன்று மரநிழலில் அவர்கள் எனக்கும் ஒரு கைப்பேசி கொடுத்தனர். நான் இறங்கிய சில நிமிடங்களில் விழுந்தேன். என்னிடம் கேள்வி கேட்ட அதே இளைஞன், "ஐயா, அசையாதீர்கள், நான் வருகிறேன்" என்று சொல்லி ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டான். விழுந்தால் தூக்கிவிட ஒருவன் இல்லாதவனின் நிலைக்குப் பிரசங்கி நான்காம் அதிகாரத்தில் இரங்குவதை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். விழுந்து கிடந்து அதைக் கற்றது அன்றுதான்.

பின்னர் அவர்களோடு பேசுகையில் ஒரு செய்தி தெரியவந்தது. அந்நால்வரில் ஒருவன் தேர்வில் தவறி, வீட்டைவிட்டு வெளியே வராமல் ஆறு மாதமாய் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறான். ஆலயத்துக்கும் வரவில்லை. நான் அவன் இல்லாமையைக் கவனிக்கவில்லை. மற்ற மூவரும் ஒவ்வோர் இரவும் பத்து மணிக்கு அவனைத் தீவுக்கு அழைத்திருக்கின்றனர். அவன் பேசியது அந்த ஒரு மணி நேரந்தான். விளையாட்டு விழாவுக்கு அவனை அழைத்து வந்தவர்களும் அவர்களே. நான் பிரசங்க பீடத்தில் கண்டித்த அவ்விளையாட்டின் வழியாகவே, என் மந்தையில் காணாமற்போன ஓர் ஆட்டை மற்ற ஆடுகள் தேடிக் கண்டுபிடித்தன.

4. இவ்விளையாட்டு எதை எடுத்துக்கொள்கிறது?

இவ்வளவு கூறியபின் இவ்விளையாட்டுக்கு நான் பரிந்துபேசுவதாக எவரும் கொள்ளவேண்டாம். கொடுப்பதைக் கண்டவன், அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படுவதையும் காணவேண்டும்.

முதலாவது, முகம். அணியிலுள்ள மூவருக்கும் குரல் உண்டு, பெயர் உண்டு. எதிரே நிற்கும் தொண்ணூற்றாறு பேரும் தொலைவில் அசையும் உருவங்களே. அவர்களும் எங்கோ ஒரு மரநிழலில் அமர்ந்திருக்கும் இளைஞர்தாம். ஆயினும் அவர்களை அவ்வாறு காண விளையாட்டின் வடிவம் இடந்தருவதில்லை. மடிந்தவன் இருந்த இடத்தில் ஒரு பெட்டி தோன்றுகிறது. வென்றவன் அதைத் திறந்து பொருள்களை எடுத்துக்கொள்கிறான். நம் தமிழ் மண்ணில் ஆநிரை மீட்கச் சென்று மடிந்த எளிய வீரனுக்கும் கல் நட்டனர். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் உருவமும், அவன் பெயரும், அவன் மடிந்த நிகழ்ச்சியும் பொறிக்கப்பட்டுள்ளன. போரைப் புகழ்ந்த சமுதாயமும் மடிந்தவனின் முகத்தைக் கல்லில் வைத்துக்கொண்டது. இத்தீவில் நடுகல் இல்லை. பெட்டி மட்டுமே உண்டு.

இரண்டாவது, மரணத்தின் பொருள். மடிந்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுகிறான். இது உயிர்த்தெழுதல் அன்று. நம் ஆண்டவர் ஆணித்தழும்புகளோடு எழுந்தார் என்று யோவான் சாட்சி கூறுகிறார். இங்கு எழுபவனுக்குத் தழும்பில்லை. ஆகவே நினைவுமில்லை, மனந்திரும்புதலுமில்லை. ஈழத்துப் போரினால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. துப்பாக்கி ஒலி கேட்டால் அடுத்த ஆட்டம் என்பது அவர்களுக்கில்லை. அவர்கள் அமர்ந்திருக்கும் வரிசைக்குப் பின்வரிசையில் நம் பிள்ளைகள் இவ்வொலியை வேடிக்கையாய்க் கேட்கின்றனர். இப்பிள்ளைகள் கொடியவர் அல்லர். முன்வரிசையின் கதையை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

மூன்றாவது, மூலக்கதையின் எச்சரிக்கை. இவ்வகை விளையாட்டுக்குத் தூண்டுகோலாய் அமைந்தது 2000-இல் வெளிவந்த 'பேட்டில் ராயல்' என்னும் ஜப்பானியத் திரைப்படம். அதில் பள்ளி மாணவரை ஒரு தீவில் விட்டு ஒருவரையொருவர் கொல்லுமாறு அரசே கட்டாயப்படுத்துகிறது. பிள்ளைகளைப் பிள்ளைகளுக்குப் பகையாக்கும் பெரியோர் உலகைக் குற்றஞ்சாட்டிய கதை அது. விளையாட்டாக மாறியபோது தீவு மிஞ்சிற்று, குற்றச்சாட்டு மறைந்துவிட்டது. வட்டத்தைச் சுருக்குபவர் யார் என்று ஆடுபவன் கேட்பதில்லை.

நான்காவது, இவ்வடிவத்தால் பயனடைவோர். அமெரிக்கத் தரைப்படை 2002 முதல் 2022 வரை தன் பெயராலேயே ஒரு சுடும் விளையாட்டை நடத்தி, இளைஞரைப் படையின்பால் ஈர்க்கப் பயன்படுத்தியது. முகமற்ற பகைவன் அரசுகளுக்கும் பயன்படுகிறான் என்பதற்கு இது சான்று. 2021 ஜூனில் நம் மாநிலத்திலேயே, இவ்விளையாட்டை நேரலையில் வருணனை செய்துவந்த ஒருவர், பெண்களைப் பற்றிய ஆபாசப் பேச்சுக்காகக் கைதானார். சுட்டதனால் விளையாத தீங்கு நாவினால் விளைந்தது. நாவைப் பற்றி யாக்கோபு எழுதியதை இவ்விடத்தில் நினைக்கலாம்.

5. கிபியோன் குளத்தருகே

விளையாட்டு என்பதற்கு எபிரேயத் திருமறையில் வழங்கும் சொற்களுள் ஒன்று 'ஸாஹக்' என்னும் வினையடி. நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தில் ஞானம் கடவுள் முன் மகிழ்ந்து விளையாடுவதாகக் கூறுமிடத்தில் இச்சொல்லே வருகிறது. நூற்று நான்காம் சங்கீதத்தில் லிவியாதான் கடலில் விளையாடுகிறது. பெட்டிக்கு முன் ஆடிப்பாடியதைத் தாவீது மீகாளிடம் நியாயப்படுத்துகையில் இச்சொல்லையே ஆளுகிறார். மீட்கப்பட்ட எருசலேமின் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடி நிறைந்திருப்பர் என்று சகரியா எட்டாம் அதிகாரத்தில் காணும் தரிசனத்திலும் இச்சொல்லே உள்ளது. கடவுளின் ஆட்சிக்கு அடையாளம் விளையாடும் பிள்ளைகள்! விளையாட்டை வீண்பொழுது என்று தள்ளும் பக்திக்குத் திருமறையில் ஆதாரம் குறைவு. யூர்கன் மோல்ட்மன் 1970-களில் விளையாட்டின் இறையியலை எழுதியபோது, உலகில் துன்பம் நிறைந்திருக்க நாம் எவ்வாறு விளையாடலாம் என்னும் வினாவை எழுப்பி, விடுதலைபெற்றோரின் முன்சுவையே விளையாட்டு என்னும் போக்கில் விடைகண்டார்.

ஆனால் இதே சொல் 2 சாமுவேல் இரண்டாம் அதிகாரத்திலும் வருகிறது. கிபியோன் குளத்தருகே இரு படைகள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. வாலிபர் எழுந்து தங்கள் முன்பாக விளையாடட்டும் என்கிறான் அப்னேர்; யோவாபும் இசைகிறான். பக்கத்துக்குப் பன்னிருவர் எழுகின்றனர். ஒவ்வொருவனும் தன் எதிரியின் தலையைப் பிடித்து விலாவிலே குத்த, இருபத்துநால்வரும் ஒருசேர விழுகின்றனர். இது வேடிக்கையாய்த் தொடங்கிய போட்டி என்றும், இரு படைகளுக்கும் பதிலாக நிகழ்ந்த சிறுபோர் என்றும் உரையாசிரியர் இருவிதமாய்க் கொள்வர். எவ்வாறாயினும், எழுந்து விளையாடச் சொன்னவர் விளையாடவில்லை, அமர்ந்து பார்த்தனர்.

அதிகாரம் இத்துடன் முடியவில்லை. அன்று பிற்பகலில் யோவாபின் தம்பி ஆசகேல் அப்னேரைத் துரத்துகிறான். அப்னேர் அவனை விலகிப்போகுமாறு இருமுறை வேண்டுகிறான். உன்னை நான் வெட்டினால் உன் அண்ணன் முகத்தை எப்படி ஏறெடுத்துப் பார்ப்பேன் என்னும் பொருள்படக் கேட்கிறான். காலையில் பன்னிரு வாலிபரை விளையாட்டுப்பொருளாய்க் கண்டவன், மாலையில் ஒருவனுடைய முகத்துக்கு அஞ்சுகிறான். காரணம் யாது? பன்னிருவர் அவனுக்கு எண்ணிக்கை. ஆசகேலுக்கோ பெயர் உண்டு, அண்ணன் உண்டு. ஆயினும் ஆசகேல் விலகவில்லை, மடிந்தான். பட்டயம் என்றென்றைக்கும் பட்சித்துக்கொண்டிருக்கலாமோ என்று சூரியன் மறையும் வேளையில் அப்னேரே யோவாபை நோக்கிக் கதறுகிறான். அன்று இறந்தோர் தாவீதின் பக்கத்தில் ஆசகேலோடு இருபதுபேர். அப்னேரின் பக்கத்தில் முந்நூற்றறுபதுபேர்.

ஒரே சொல் எருசலேமின் வீதியையும் கிபியோன் குளத்தையும் குறிக்கிறது. இரண்டிலும் ஆடுவோர் இளையோரே. எருசலேமில் பிள்ளைகள் விளையாடும் வீதிகளில் முதியோரும் கோலூன்றி அமர்ந்திருக்கின்றனர். எவரும் எவருக்கும் இலக்கு அல்லர். கிபியோனில் எதிரே நிற்பவனுக்கு முகமில்லை. சுடும் விளையாட்டை ஆராயும் நாம் கேட்கவேண்டியது அதில் ஆயுதம் உண்டா என்பது மட்டுமன்று; எதிரே நிற்பவனுக்கு முகம் உண்டா என்பதுமாகும்.

6. நந்தனம் கற்பிக்கும் பாடம்

நாங்கள் அமர்ந்திருந்த மைதானத்தின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், இறையியல் கற்றவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க ஒரு விளையாட்டை உருவாக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மாணவரோ முரட்டுத்தனம் மிகுந்தோர். அவர் அவர்களை வன்முறையாளர் என்று கண்டிக்கவில்லை. முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். பந்தோடு ஓடுபவனைத் தடுக்கவே மற்றவன் அவனை மோதி வீழ்த்துகிறான். எனவே பந்தோடு ஓடலாகாது என்று விதித்தார். இலக்கு நேரெதிரே இருந்தால் பலமாய் எறிவதே வழியாகும். எனவே இலக்கைத் தலைக்குமேல் உயர்த்திக் கூடையாக வைத்தார். விதிகளை மாற்றியதனால் வன்மையின் பயன் குறைந்தது. திறமைக்கும் தோழமைக்கும் இடம் பிறந்தது. கூடைப்பந்து அவ்வாறு தோன்றியது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920-இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் அடையாற்றங்கரையில், இன்றைய நந்தனத்தில், கல்லூரியாய் நிலைபெற்றது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. விளையாட்டு ஊழியத்துக்குப் புறம்பானது என்று அம்முன்னோர் எண்ணவில்லை. அவர்களும் இளைஞரின் விளையாட்டிலுள்ள கேட்டைக் கண்டனர். கண்டபின் ஒரு மைதானத்தை உண்டாக்கினர்.

இன்று அவ்வாறு செய்ய இயலுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று தருகிறேன். 2014-இல் போலந்து நாட்டுக் குழுவினர் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். சரயேவோ நகரின் முற்றுகையை நினைவில்கொண்டு அமைந்தது அது. அதில் ஆடுபவன் போர்வீரன் அல்லன். முற்றுகைக்குள் சிக்கிய குடிமகன். பசிக்கு அண்டை வீட்டார் உணவைத் திருடினால், திருடியவன் பின்னர் மனம்நொந்து சோர்கிறான். 2020-இல் போலந்து அரசு அதனைப் பள்ளி மாணவர்க்குரிய பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாய் அறிவித்தது. திரையிலும் முகம் தோன்றக்கூடும் என்பதை இது காட்டுகிறது. நம் சபைகளில் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் இளைஞர் எத்தனையோ பேர் உளர். காணிக்கைக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற அவர்களை அழைக்கும் நாம், நெய்ஸ்மித்தின் வேலையைச் செய்ய ஒருநாளும் அழைத்ததில்லை.

ஆயர்களும் மாணவரும் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. கண்டிக்குமுன் அவர்களோடு அமர்ந்து ஓர் ஆட்டமாவது பாருங்கள். எதிரே ஆடுபவன் யார், அவனுக்கு எந்த ஊர், அவனுக்கும் தேர்வு உண்டோ என்று பேச்சினூடே கேளுங்கள். முகம் அவ்வாறே திரும்புகிறது. விளையாட்டுக்கு அடிமையாகி உறக்கமும் படிப்பும் இழப்போர் சிலர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதனை ஒரு கோளாறாக நோய்ப் பட்டியலில் ஏற்றது. அவர்களைப் பாவிகள் என்று ஒதுக்காமல் மருத்துவ உதவிக்கு வழிகாட்டுங்கள். முள்வேலியிட்டுப் பூட்டப்பட்ட நம் ஆலய வளாகங்களை மாலை வேளையில் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். வாகனங்கள் ஞாயிறன்று மட்டும் நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தீவு நம் இளைஞருக்குக் கொடுப்பதாய்க் காட்டும் மூன்றையும் நாம் கொடுக்கிறோமா என்று நம்மையே சோதிப்போம். வெறுங்கையோடு வருவோர் யாவரும் சமமாய் ஏற்கப்படும் இடம் திருச்சபை என்று கிருபையைப் பற்றிப் போதிக்கிறோம்; நம் சபைத் தேர்தல்களும், கல்லூரி இடங்களும், திருமண ஏற்பாடுகளும் அதற்குச் சாட்சி கூறுகின்றனவா? ஒவ்வோர் உறுப்புக்கும் பணியுண்டு என்று போதிக்கிறோம். இளைஞருக்கு நாற்காலி அடுக்கும் பணியன்றி வேறென்ன கொடுத்தோம்? விழுந்தவனைத் தூக்கிவிடும் ஐக்கியம் என்று சொல்லிக்கொள்கிறோம், விழுந்தவனைக் கவனித்தோமா?

அறைக்குள் அடைந்திருந்த அந்த இளைஞன் இப்பொழுது மீண்டும் தேர்வெழுதி வருகிறான். நான் மாதத்திற்கிருமுறை அவன் வீட்டுக்குச் செல்கிறேன். இரவு பத்து மணி ஆட்டம் இன்னும் நடக்கிறது. அதை நிறுத்தும்படி நான் அவனிடம் சொல்லவில்லை. ஆறு மாதம் அவ்வீட்டுக் கதவைத் தட்டாதவனுக்கு அதைச் சொல்லும் உரிமை இன்னும் வரவில்லை என்றே எண்ணுகிறேன்.